எத்தனை நிழல்

செங்கம் சாலையில் ஆசிரமத்தைத் தாண்டி நாலாவது கடை மொஹ்சினுடைய பிரௌசிங் சென்டர். ஏழு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், காற்று கொடுப்பதைவிடச் சத்தம் போடுவதையே வேலையாக வைத்துக்கொண்ட ஒரு டேபிள் ஃபேன். காலையிலும் மாலையிலும் வெள்ளைக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து ஊருக்கு மெயில் அனுப்புவார்கள். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை ஈ காக்கை எட்டிப் பார்க்காது. அந்த நேரத்தில் தியானம் செய்வதாக அவர்கள் சொல்லிக்கொண்டார்கள். தூங்குகிறார்கள் என்பது மொஹ்சினின் கட்சி.

அந்த இரண்டு மணி நேரத்துக்காகவே மூன்று பேர் உயிர் வாழ்ந்தார்கள். மொஹ்சின் நாற்பதை நெருங்கியவன். திருவண்ணாமலையில் முதன்முதலாக ஒரு கம்ப்யூட்டரைக் கழற்றிப் பார்த்த கை தன்னுடையதுதான் என்று பெருமையாகச் சொல்லுவான். அதைத் திரும்ப மாட்டினானா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான். அருணகிரி ஒரு போட்டோ ஸ்டுடியோவில் ஆல்பம் வேலை பார்த்தான். மாடவீதியில் தாலி கட்டிய ஜோடியைப் பனிமலை உச்சியில் கொண்டுபோய் நிறுத்துவது அவன் பிழைப்பு. மூன்றாவது ஆள் அறிவுச்செல்வன். ஒரு இன்ஜினியர் ஆபீசில் வீட்டு பிளான் வரைகிறவன், அடி அண்ணாமலைக்காரன், இருபத்தேழு வயது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்த கையோடு மூடிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிடுவான்.

மூன்று பேரையும் பிடித்து ஆட்டியது கிராபிக்ஸ் கார்டு என்கிற பேய். கம்ப்யூட்டருக்குள் செருகுகிற ஒரு பச்சைத் தகடு அது. திரையில் ஓடுகிற படத்துக்கெல்லாம் அதுதான் பொறுப்பு. 2002ஆம் வருஷம் ஆவணி மாதத்தில், அமெரிக்கக் கம்பெனி ஒன்று ஹைபீரியன் 800 என்று புதிதாக ஒன்றை அறிவித்தது. மூன்று பேர் வாயிலும் அது வெறும் எட்டுநூறு. கார்த்திகைக்குத்தான் கடைக்கு வருமாம். ஒருத்தரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் மூன்று பேரும் அதைப் பற்றிப் பேசிய பேச்சைக் கேட்டால், வீட்டுக்கு வந்துபோகிற மாப்பிள்ளையின் குணத்தை அலசுவது மாதிரி இருக்கும். சூடு ஜாஸ்தியாம், பவர் சப்ளையை மாற்ற வேண்டுமாம், ஃபேன் சத்தம் மாவு மில் மாதிரி இருக்குமாம். அருணகிரி இன்டர்நெட்டில் வந்த வதந்திகளையெல்லாம் பிரிண்ட் எடுத்து ஃபைல் போட்டு வைத்திருந்தான். பேப்பர் காலியாகிறது என்று மொஹ்சின் கத்துவான், கத்திவிட்டு முதல் ஆளாக வாங்கிப் படிப்பான்.

சண்டை வந்தது நிழலில்தான். அதுவரைக்கும் கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் ஆளுக்கு நிழல் என்றால் காலடியில் ஒரு கறுப்புத் திட்டு, அவ்வளவுதான். எட்டுநூறு அப்படி ஏமாற்றாது, சூரியன் எங்கே இருக்கிறது என்று பார்த்து ஒவ்வொரு பொருளுக்கும் உண்மையான நிழலை அந்தந்த நொடியே போடும் என்று கம்பெனி சொல்லியிருந்தது. ஒரே நேரத்தில் எத்தனை நிழல் போடும் என்று மட்டும் சொல்லவில்லை. அந்த ஒரு கேள்வியில் ஒரு மாதம் ஓடியது.

மொஹ்சின் போன வருஷத்துக் கார்டில் சூடு பட்டவன். விளம்பரத்தில் இருந்ததில் பாதிகூடப் பெட்டிக்குள் இல்லை. அதனால் எட்டுக்கு மேல் ஒரு நிழல்கூட விழாது என்று அடித்துச் சொன்னான்.

"ஒம்பதாவதா ஒருத்தன் வந்தான்னா, அவன் நிழல் இல்லாமத்தான் நடக்கணும்."

"இருக்கிறது அத்தனைக்கும் விழும் பாய்," என்றான் அருணகிரி. "எதை விடணும், எதை வெக்கணும்னு அது இன்னா மனுஷனா, ஆள் பார்க்கிறதுக்கு?"

அறிவுச்செல்வன் எந்தப் பக்கமும் சேரவில்லை. ஆனால் மூன்று பேரில் அந்தக் கார்டு உண்மையிலேயே வேண்டியிருந்தது அவனுக்குத்தான். கிரிவலப் பாதை முழுவதையும், பதினாலு கிலோமீட்டரையும், அவன் கம்ப்யூட்டருக்குள் கட்டிவைத்திருந்தான். மலை, குளம், எட்டு லிங்கக் கோயில்கள், புளியமரங்கள், தகரக் கொட்டகைகள், விளக்குக் கம்பங்கள் எல்லாம் இருந்தன. மனிதர்கள் மட்டும் இல்லை. வீடு வரைகிறவனுக்கு ஆள் வரைய வராது. வீட்டில் உட்கார்ந்தபடியே மலை சுற்றுவதற்கு ஒரு சிடி என்று வெள்ளைக்காரர்களிடம் விற்றுவிடலாம் என்று மொஹ்சின் கணக்குப் போட்டிருந்தான். பழைய கார்டில் அந்தப் பாதை தத்தித் தத்தி நகர்ந்தது. எட்டுநூறு வந்தால் வழுக்கிக்கொண்டு ஓடும், மரத்துக்கெல்லாம் நிழல் விழும்.

சிடி விற்பதற்காக அறிவு அந்தப் பாதையைக் கட்டவில்லை. மொஹ்சினுக்கும் அது தெரியும், பேசமாட்டான். அறிவின் அப்பா சுப்பிரமணி மின்சார வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். ஒரு தரம் கம்பத்திலிருந்து விழுந்து இடது முழங்கால் மடங்காமல் போய்விட்டது. காலை நீட்டி நீட்டி வைத்துத்தான் நடப்பார். 1999 சித்ரா பௌர்ணமி அன்று ஒரு மஞ்சள் பையில் குடையைச் செருகிக்கொண்டு, சுற்றிவிட்டு வருகிறேன் என்று கிளம்பியவர் வீடு திரும்பவில்லை. போலீசில் எழுதிக்கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி, கிணறு, குளம் எல்லாம் தேடினார்கள். உடம்பும் கிடைக்கவில்லை, பையும் கிடைக்கவில்லை.

காவி கட்டிக்கொண்டு எங்காவது உட்கார்ந்திருப்பார் என்று அறிவு நம்பினான். அந்தப் பாதை நெடுக சாமியார்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். அப்புறம் அருணகிரியிடம் ஸ்டுடியோ கேமராவை இரவல் வாங்கி, ஐம்பது அடிக்கு ஒரு போட்டோ என்று பாதை முழுக்க எடுத்தான். எடுத்த போட்டோக்களை ஸ்கேன் செய்து, பெரிதாக்கி, மூலை முடுக்கெல்லாம் முகம் தேடினான். தேடித் தேடி, தேடுவதற்கு ஒன்றும் மிச்சமில்லாதபோதுதான், கையில் இருந்த படங்களை வைத்துப் பாதையைக் கட்டத் தொடங்கினான்.

அதில் ஒரு தப்பு செய்தான். மலை சுற்றுகிறவர்கள் மலையை வலது கைப் பக்கம் வைத்துக்கொண்டு, சாலையின் இடது ஓரமாகத்தான் நடப்பார்கள். மலையை ஒட்டிய வலது ஓரம் நம் கண்ணுக்குத் தெரியாதவர்கள் நடக்கிற இடம். அதை விட்டுவைப்பது அந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அறிவின் அம்மா தனம் அடி அண்ணாமலையில் சாலையோரமாக ஒரு சின்னக் கடை வைத்திருந்தாள். பௌர்ணமி அன்று கூட்டம் பிதுங்கி வலது பக்கம் ஏறினால், இடது ஓரமாப் போங்க, இடது ஓரமாப் போங்க என்று தொண்டை வற்றக் கத்துகிறவள் அவள். அவள் பெற்ற பிள்ளை கேமராவைத் தூக்கிக்கொண்டு பதினாலு கிலோமீட்டரும் வலது ஓரத்திலேயே நடந்தான். அங்கிருந்து எடுத்தால்தான் எதிர்ப்பக்கத்துக் கட்டடங்கள் முழுசாக விழுந்தன. கம்ப்யூட்டருக்குள் பாதையைக் கட்டியபோதும், பார்க்கிற கண்ணை அந்த ஓரத்திலேயே வைத்துவிட்டான்.

புரட்டாசி பிறந்தது. மகாளய அமாவாசைக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. பெரியப்பா வீட்டுக்கு வந்து, மூன்று வருஷம் ஆகிவிட்டது, புல்லால் ஒரு உருவம் கட்டிக் கொள்ளி வைத்துக் காரியத்தை முடித்துவிடுவோம் என்றார். முடியாது என்றான் அறிவு. போன வருஷமும் முடியாது என்றான், அதற்கு முந்தின வருஷமும் அதையேதான் சொன்னான். உயிரோடு இருக்கிற மனுஷனுக்குக் கொள்ளி வைத்தால், நாளைக்கு அவர் வந்து நின்றால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பார்ப்பது? தனத்தின் நிலைமை இரண்டுங்கெட்டானாக இருந்தது. கல்யாண வீட்டில் குங்குமச் சிமிழை நீட்டுகிறவர்கள் அவளிடம் வந்ததும் தயங்கினார்கள். நீட்டினால் தப்பா, நீட்டாவிட்டால் தப்பா என்று அவர்கள் முழிப்பதைப் பார்த்துப் பார்த்து, விசேஷங்களுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். அந்த வருஷம் மட்டும் ராத்திரி சோறு போடும்போது, அமாவாசைக்குள்ள ஒரு முடிவு சொல்லு அறிவு என்றாள்.

மறுநாள் மத்தியானம் அருணகிரி ஒரு சிடியோடு வந்தான். கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்தது. எட்டுநூறுக்கு புரோகிராம் எழுதப்போகிறவர்களுக்காகக் கம்பெனி கொடுத்த மென்பொருள் அதில் இருந்தது. கார்டு இல்லாமலேயே, கார்டு செய்யப்போகிற வேலையை சாதாரண கம்ப்யூட்டரே செய்து காட்டும். ஒரே குறை, கார்டு ஒரு நொடியில் அறுபது படம் போடும் என்றால், இது ஒரு படத்துக்கு நாற்பது நிமிஷம் எடுத்துக்கொள்ளும். மூன்று பேரும் அதற்கு ஒத்திகை என்று பேர் வைத்தார்கள். சண்டையை முடிக்க இதைவிட நல்ல வழி இல்லை. அறிவின் பாதையைப் போட்டு, அடி அண்ணாமலைக்கு முந்தின புளியமர வளைவில் கண்ணை நிறுத்தி, சூரியனைச் சாயங்கால நாலு மணிக்கு வைத்து, நிழல்களை எண்ணிவிடலாம் என்று முடிவாயிற்று.

படம் மேலிருந்து கீழாக ஒவ்வொரு கோடாக இறங்கியது. முதலில் வானம், அப்புறம் மலையின் தோள், அப்புறம் மரங்கள். கால் மணி நேரத்தில் முதல் புளியமரத்தின் நிழல் சாலையின் குறுக்கே விழுந்தது, இலை இலையாக. அருணகிரி தொடையைத் தட்டிக்கொண்டான். எட்டு, ஒன்பது, பத்து என்று அவன் மரங்களை எண்ண, மரமெல்லாம் சேர்ந்து ஒரே பொருள், அது கணக்கில் வராது என்று மொஹ்சின் மல்லுக்கு நின்றான். அறிவு இருவரையும் கவனிக்கவில்லை. சாலையின் வலது ஓரத்தில், வெகு தூரத்தில், மலைப்பக்கமாகச் சாய்ந்து இன்னொரு நிழல் இருந்தது. கட்டைவிரல் நகம் அளவுதான். அந்த இடத்தில் கம்பமும் இல்லை, மரமும் இல்லை.

மொஹ்சின் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தான். இதெல்லாம் சகஜம் என்றான். மறைத்துவைத்த பொருள் ஏதாவது இருக்கும், பொருள் தெரியாது, நிழல் மட்டும் விழும். பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். இரண்டாயிரத்துச் சொச்சம் பொருள்கள் இருந்தன, மறைத்தது ஒன்றும் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று படத்தை பிரிண்ட் எடுத்துக்கொண்டு, எதையும் மாற்றாமல், அதே படத்தை மறுபடி ஓடவிட்டார்கள். நாலு மணிக்கு வெள்ளைக்காரர்கள் வந்துவிட்டதால் அறிவு ஆபீசுக்குப் போய்விட்டான்.

அடுத்த நாள் மொஹ்சின் இரண்டாவது பிரிண்டை மேஜைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தான். அதே வளைவு, அதே மரங்கள், அதே சூரியன். ஆனால் ஓரத்து நிழல் கிட்டே வந்திருந்தது. இப்போது விரல் நீளம் இருந்தது. அது ஒரு மனிதனுடைய நிழல் என்பதில் சந்தேகமே இல்லை.

அந்தப் பாதையில் நகர்கிற பொருள் ஒன்றும் கிடையாது. காற்றுகூடக் கிடையாது, இலை அசைவதற்கு. நூறு தரம் வரைந்தாலும் நூறும் அச்சு அசலாக ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அறிவுதான் விளையாட்டுக்கு ஏதோ வைத்துவிட்டு நடிக்கிறான் என்று அருணகிரி கோபித்துக்கொண்டான். அறிவின் முகத்தைப் பார்த்ததும் அருணகிரிக்கே சந்தேகம் போய்விட்டது. மூன்றாவது தரம் ஓடவிட்டார்கள்.

அன்று முப்பதாவது நிமிஷத்தில் கரண்ட் போனது. யு.பி.எஸ். பத்து நிமிஷம் தாங்கும். ஃபேன் நின்றுபோன அந்த அமைதியில், யு.பி.எஸ். கீச்கீச்சென்று எச்சரிக்க, படம் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. நிழலின் தலை வந்தது. தோள் வந்தது. தொங்குகிற பை வந்தது. பையிலிருந்து வளைந்த பிடி ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, குடையின் பிடி. அப்புறம் கால்கள் வந்தன. ஒரு கால் மடங்கியிருந்தது. இன்னொன்று மடங்காமல், முன்னால் நீட்டி ஊன்றியிருந்தது.

அந்தக் காலை அறிவு சின்ன வயதிலிருந்து பார்த்தவன். "எங்கப்பா," என்றான். மொஹ்சின் எழுந்து போய்க் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினான்.

கம்ப்யூட்டரில்தான் கோளாறு என்று ஒரு கடைசி நம்பிக்கை மொஹ்சினுக்கு இருந்தது. எட்டுநூறைப் பற்றி ஊர் ஊராகச் சண்டை போடுகிற ஒரு இன்டர்நெட் குழுவில் அவனும் உறுப்பினன். நிழல் சோதனை, யாராவது ஓட்டிப் பாருங்கள் என்று ஒரு வரி எழுதி, பாதையை அதில் ஏற்றிவிட்டான். நடந்ததைப் பற்றி மூச்சு விடவில்லை. இரண்டு நாள் கழித்து, முன்பின் தெரியாத ஒரு புனேக்காரன் பதில் போட்டிருந்தான். ஒன்பது நிழலுக்கு மேல் விழுகிறது, உங்கள் எட்டுக் கணக்கு தப்பு என்று மொஹ்சினை நக்கலடித்துவிட்டு, கீழே ஒன்று கேட்டிருந்தான். பையோடு நொண்டி நடக்கிற ஆளின் நிழல் பிரமாதம், ஆனால் ஆளை எதற்கு மறைத்தீர்கள்?

அன்றைக்கு அறிவு ஆபீசுக்குத் திரும்பவில்லை. பிரிண்டுகளைச் சுருட்டி சட்டைக்குள் வைத்துக்கொண்டு நேராக அடி அண்ணாமலைக்கு மிதித்தான். அவனுக்குப் பயம் இல்லை, உண்மையைச் சொன்னால் அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தான். அப்பா இருக்கிறார். எங்கேயோ, எப்படியோ இருக்கிறார். எட்டுநூறு வந்துவிட்டால் நொடிக்கு அறுபது படம், தினமும் பார்க்கலாம். காரியம் செய்ய மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தது எவ்வளவு சரி என்று பெரியப்பாவிடம் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தான்.

தனம் கடையில் தனியாக இருந்தாள். தண்ணீர்ப் பாக்கெட்டுகளை நகர்த்திவிட்டுப் பலகைமேல் மூன்று படங்களையும் வரிசையாக விரித்து, அவன் எல்லாவற்றையும் சொன்னான். கார்டு, ஒத்திகை, புனேக்காரன் எதுவும் அவளுக்குப் புரியவில்லை. புரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. மூன்றாவது படத்தில் இருந்த காலைப் பார்த்ததும் கையை வாயில் வைத்துக்கொண்டாள். நிழலின்மேல் ஒரு விரலை அழுத்தாமல் வைத்தாள். பிறகு முதல் படத்துக்குப் போனாள், இரண்டாவதுக்கு வந்தாள், மறுபடி மூன்றாவதுக்கு வந்தாள்.

"நம்மளப் பார்த்து வர்றாரு," என்றாள்.

"ஆமாம்மா. கிட்ட வந்துக்கினே இருக்கிறாரு."

"மலை அவருக்கு எந்தப் பக்கம் இருக்குது, பாரு."

அறிவு பார்த்தான். இத்தனை நாள் முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்த படத்தை அப்போதுதான் பார்த்தான். மலை அப்பாவுக்கு இடது கைப் பக்கம் இருந்தது. ஊர் உலகமெல்லாம் சுற்றுகிற சுற்றுக்கு நேர் எதிராக அவர் வந்துகொண்டிருந்தார். அந்த மலையை அப்படி யாரும் சுற்றுவதில்லை. வேறு எதையும்கூட யாரும் அப்படிச் சுற்றுவதில்லை. அந்தச் சுற்று ஒரே ஒரு இடத்தில்தான் உண்டு. சுடுகாட்டில், தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு, பெற்றவர் கட்டையை இடது கைப் பக்கமாக விட்டு மகன் சுற்றுகிற சுற்று.

"அது நீ சுத்த வேண்டிய சுத்துடா," என்றாள் தனம். அவள் குரலில் கோபம் இல்லை. "மூணு வருஷமாக் காத்திருந்துட்டு, அந்தக் காலோட, அவரே சுத்திக்கினு இருக்கிறாரு."

அறிவு கணக்குப் போட்டுப் பார்த்தான். பதினாலு கிலோமீட்டர், மடங்காத கால். ஒரு நாளைக்கு எத்தனை சுற்று, மூன்று வருஷத்துக்கு எத்தனை சுற்று. தான் பாசம் என்று நினைத்துப் பிடித்துவைத்திருந்தது அவரை நடக்கவிட்டிருக்கிறது. வெட்கத்தில் அவனுக்குத் தலை நிமிரவில்லை. தனம் படங்களை மடித்துக் கல்லாப்பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, பெரியப்பாவுக்கு ஆள் அனுப்பு என்றாள்.

அமாவாசை அன்று காலையில் காரியம் நடந்தது. புல்லில் கட்டிய உருவத்துக்கு அப்பாவின் பழைய காக்கிச் சட்டையைப் போர்த்தினார்கள். அறிவு குடத்தை இடது தோளில் வைத்துக்கொண்டு இடமாகச் சுற்றினான். ஒரு சுற்றுக்கு ஒரு ஓட்டை என்று பெரியப்பா குடத்தில் கொத்தக் கொத்தத் தண்ணீர் முதுகில் வழிந்தது. மூன்றாவது சுற்றில், தன்னை அறியாமல், இடது காலை மடக்காமல் வைத்து நடந்துகொண்டிருந்தான். குடத்தைப் பின்பக்கமாகப் போட்டு உடைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தான். மொஹ்சினும் அருணகிரியும் சுடுகாட்டு வாசலில் நின்றிருந்தார்கள். அன்று சாயங்காலம் தனம் தாலியைத் தானே கழற்றினாள். கழற்றிவிட்டு, இனிமேல் என்னைப் பார்த்து எவளும் முழிக்க வேண்டாம் என்றாள். அழுதாளா என்றால் அழுதாள், ஆனால் அன்று ராத்திரி மூன்று வருஷத்தில் முதல் தடவையாக வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் படுத்தாள்.

தீபத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எட்டுநூறு வெளியானது. மொஹ்சின் மெட்ராசுக்குப் போய் வாங்கி, பஸ்சில் ஐந்து மணி நேரமும் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தான். மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்கு மூன்று பேரும் கூடினார்கள். சூடு ஜாஸ்தி என்பது உண்மை. ஃபேன் சத்தம் மாவு மில் அளவுக்கு இல்லை. அறிவின் பாதையைத் திறந்தார்கள். நாற்பது நிமிஷம் கோடு கோடாக இறங்கிய அந்தச் சாலை எண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது. கம்பங்கள், கோயில் மதில்கள், கொட்டகைகள் என்று எல்லாவற்றுக்கும் நிழல் இருந்தது. இருக்கிறது அத்தனைக்கும் விழும் என்று அன்றே சொன்னேனே என்று அருணகிரி குதித்தான்.

அந்த வளைவுக்குப் போக வேண்டாம் என்றான் மொஹ்சின். ஒரே ஒரு தரம் பாய் என்று அறிவு மவுசை வாங்கிக்கொண்டான். அப்பா போய்விட்டாரா என்று தெரியாமல் அவனால் இருக்க முடியவில்லை. இன்னும் நடந்துகொண்டிருந்தால் என்ன செய்வது என்றும் தெரியவில்லை. அதைவிட, அவனுக்கே சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்த ஒரு ஆசையும் உள்ளே இருந்தது. இன்னும் ஒரு தரம் அந்தக் காலைப் பார்த்துவிட மாட்டோமா என்கிற ஆசை அது.

புளியமர வளைவு வந்தது. சாயங்கால வெயில் விழுந்தது. சாலையின் இடது பக்கம் வெறிச்சென்று கிடந்தது.

வலது ஓரத்தில் நிழல்கள் வந்துகொண்டிருந்தன. ஒத்திகையில் ஒற்றையாகத் தெரிந்தது போல இல்லை. வளைவுக்கு அப்பாலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக, அவசரம் இல்லாமல், நிற்காமல் வந்தன. ஒன்று கோல் ஊன்றி வந்தது. ஒன்று கூன் போட்டிருந்தது. ஒன்றின் தலையில் மூட்டை இருந்தது. ஒன்று முழங்கால் உயரம்தான் இருக்கும், சின்னக் குழந்தை. எல்லாருக்கும் மலை இடது கைப் பக்கம் இருந்தது. திரையின் கீழ்விளிம்பு வரை வந்து, பார்த்துக்கொண்டிருக்கிற கண்ணைத் தாண்டிப் பின்னால் போய்க்கொண்டே இருந்தன.

மொஹ்சின் பழக்கதோஷத்தில் எண்ணத் தொடங்கியிருந்தான். ஐந்து, ஆறு என்று அவன் உதடு அசைவது தெரிந்தது. எட்டு வந்தது. ஒன்பதாவது நிழல் விழுந்தபோது எண்ணுவதை நிறுத்திவிட்டான். அருணகிரி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றான்.

அறிவு மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒவ்வொரு காலாகப் பார்த்தான். ஒவ்வொரு கையாகப் பார்த்தான், பை இருக்கிறதா, குடைப் பிடி இருக்கிறதா என்று. கால் மணி நேரம் பார்த்தான். காவி கட்டியவர்களின் முகங்களில் தேடியதைவிடக் கவனமாகத் தேடினான். மடங்காத கால் அந்தக் கூட்டத்தில் இல்லை. அப்பா அங்கே இல்லை. எங்கேயும் இல்லை. அப்பா செத்துப்போனார் என்பதை, கொள்ளி வைத்தபோது நம்பாத அறிவு, அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் நம்பினான். மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, மொஹ்சினின் கை முதுகில் இருக்க, சத்தம் போட்டு அழுதான்.

அழுது முடித்து நிமிர்ந்தபோதும் அவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். இவர்களுக்கெல்லாம் எங்கேயோ பிள்ளைகளோ பெற்றவர்களோ இருப்பார்கள். வருவார் வருவார் என்று சோறு எடுத்துவைத்துக் காத்திருப்பார்கள்.

"ஆஃப் பண்ணிடு அறிவு," என்றான் மொஹ்சின்.

"இருங்க பாய். நாம அவங்க வழியில நிக்கிறோம்."

அறிவு கண்ணைத் துடைத்துக்கொண்டு பாதையின் ஆரம்பத்துக்குப் போனான். பார்க்கிற கண்ணை மலையோரத்திலிருந்து எடுத்து, பதினாலு கிலோமீட்டருக்கும் சாலையின் இடது ஓரத்துக்கு நகர்த்தி வைத்துவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்தான்.